"பிளானை மாத்துங்க சார்!"

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவனுக்குக் கோபம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒரே வாக்கியத்தை நான்கு மாதத்தில் ஏழு முறை, ஏழு வேறு வேறு குரல்களில் கேட்டால் யாருக்குத்தான் வராது?

"ஸ்பீடு பத்தலைன்னா பிளானை மாத்துங்க சார். நாப்பதுல இருக்கீங்க. நூறுக்கு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும் சார்."

சரியாகாது. சரியாகாது என்பதை நான் இப்போது ஆதாரத்தோடு சொல்ல முடியும். வீட்டு இணையத்தில் ஒருவருக்கொருவர் நேராகக் கோப்பு அனுப்பும்போதோ, டோரண்ட்டில் இறக்கும்போதோ வேகம் குறைந்தால், பெரும்பாலான வீடுகளில் காரணம் பிளான் அல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காசை மட்டும் கூட்டச் சொல்வது, காய்ச்சல் என்று போனவனுக்குப் பெரிய கட்டில் வாங்கச் சொல்வது போன்றது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள்தான் இதில் முதலில் ஏமாறுகிறோம். "டெக்னிக்கல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயை மூடிக்கொள்கிறோம் அல்லவா?

முதலில் என் வழக்கு. தொண்ணூறுகளில் நான் ஒரு கேம்கார்டர் வைத்திருந்தேன். மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்து படம் பிடிப்பேன். கர்ண மோட்சம், துரியோதனன் படுகளம் என்று பல இரவுகள். அதில் துரியோதனன் கட்டிய கூத்து வாத்தியார் இப்போது இல்லை. அவருடைய மகள் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் குடியிருக்கிறாள். புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர் அது. "அப்பா வேஷம் கட்டினதை என் பிள்ளைங்க ஒரு தடவையாவது பாக்கணும் மாமா" என்று போனில் கேட்டாள். கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியபோது மொத்தம் 61 ஜிபி வந்தது.

61 ஜிபியை எப்படி அனுப்புவது? ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்பிதான் இணைக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் இடம் மொத்தமே 15 ஜிபி. அதற்குமேல் மாதாமாதம் வாடகை. பேரன் சின்க்திங் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். நடுவில் எந்தக் கம்பெனியின் கிடங்கும் இல்லாமல், என் கணினியும் அவள் கணினியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். "தாத்தா, போட்டுட்டு மறந்துடுங்க. அதுவா போயிடும்" என்றான்.

போனது. நொடிக்கு 40 கேபி வேகத்தில் போனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பதினேழு நாள். அதுவும் மின்சாரம் நிற்காமல், கணினியை அணைக்காமல் இருந்தால்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கோப்பு நகரவில்லை என்று யாராவது வந்து நின்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான். தபால் பிரிவிலிருந்து ஆரம்பித்து, எந்த மேசையில் நிற்கிறது என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்ப்போம். கம்ப்யூட்டர் கோப்புக்கும் அதே வைத்தியம்தான் என்று நினைத்தேன். அந்தப் பயணத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். முதல் சில மேசைகளில் குற்றவாளி நானே. அதையும் மறைக்கப் போவதில்லை.

அதற்கு முன், இந்த "பியர் டு பியர்" என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மொழியில். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் "பேர் ஆ பேர்" என்பார்கள். தமிழ்க் காதுக்குப் பேருக்குப் பேர் என்று கேட்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் சமமானவர். சமமானவர் சமமானவருக்கு. மேலே ஒருவர் இருந்து கொடுப்பதும் கீழே இருப்பவர் கை நீட்டி வாங்குவதும் அல்ல. எல்லோரும் கொடுப்பார்கள், எல்லோரும் வாங்குவார்கள்.

பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் எழுதிய பிட்டோரண்ட் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. ஒரு கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக்குகிறது. உங்களிடம் வந்துசேர்ந்த துண்டை நீங்கள் அடுத்தவருக்குக் கொடுக்கிறீர்கள்; அவரிடம் உள்ளதை அவர் உங்களுக்குக் கொடுக்கிறார். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதில் முன்னுரிமை. நம் ஊர் மொய் நோட்டுதான். செய்தவருக்குச் செய்வது. மொய் செய்யாதவன் வீட்டு விசேஷத்தில் தட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த முறையில் வாங்கும் வேகம் கொடுக்கும் வேகத்தோடு கட்டப்பட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் "40", "100" எல்லாம் வாங்கும் வேகம். கொடுக்கும் வேகத்தை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, மேசைகளுக்கு வருவோம்.

முதல் மேசை, கணக்கு. கம்பெனி சொல்லும் 40 என்பது மெகாபிட். கணினித் திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 40 பிளானில் திரையில் 5 வந்தால் அது முழு வேகம். இது தெரியாமல் "நாற்பது என்று சொல்லி ஐந்துதான் தருகிறான், எட்டில் ஒரு பங்கு" என்று நானே ஒரு முறை சண்டை போட்டிருக்கிறேன். அன்று போனில் பேசிய பெண்ணிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணும் இதை விளக்கவில்லை. பிளானை மாற்றத்தான் சொன்னாள்.

இரண்டாவது மேசை, வைஃபை. இணையப் பெட்டி திண்ணை அறையில், கணினி பின்கட்டில். நடுவில் இரண்டு கனமான பழைய சுவர்கள். பேரன் கணினியைத் தூக்கிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அளந்தான். இறங்கும் வேகம் 38. திரும்பப் பின்கட்டில் வைத்து அளந்தான். 11. வழியிலேயே முக்கால் பங்கு போய்விட்டது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். கம்பி போட்டு ஒரு முறை, கம்பி இல்லாமல் ஒரு முறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வீட்டுச் சுவரைத் திட்ட வேண்டும்.

மூன்றாவது மேசை, அந்தக் கம்பியே. இதை உப்பளக் கரையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி ஆணி எதுதான் தப்பிக்கிறது? கணினிக் கம்பியின் நுனியில் எட்டுச் சின்னச் செப்புத் தகடுகள் இருக்கின்றன. என் வீட்டில் அவற்றில் பச்சை பூத்திருந்தது. கம்பிக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. நான்கு ஜோடியும் நன்றாக இருந்தால் ஆயிரம் மெகாபிட் போகும். ஒன்று கெட்டாலும் நூறுக்கு இறங்கிவிடும். இன்னும் கெட்டால் அறுந்து அறுந்து வரும். நுனியை வெட்டிப் புதிதாக மாட்ட ஒரு தேநீர்ச் செலவுதான் ஆயிற்று.

நான்காவது மேசைதான் எனக்கு அதிர்ச்சி. என் வீட்டிலிருந்து வெளியே போகும் வேகத்தை அளந்தபோது 5 மெகாபிட் இருந்தது. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார்? மகன் வாங்கி மாட்டிய இரண்டு கேமராக்கள். வாசலில் நாய் படுத்திருப்பதையும் கொல்லையில் தென்னை ஆடுவதையும் இரவு பகலாக எங்கேயோ உள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அது போக வீட்டில் உள்ள நான்கு போன்களும் எடுத்த படங்களைத் தாமாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தன.

"வெளியே போவது நிரம்பினால் உள்ளே வருவதற்கு என்ன?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டு உண்டல்லவா? இணையத்திலும் அப்படித்தான். உள்ளே வரும் பொட்டலங்களுக்குப் "பெற்றுக்கொண்டேன்" என்று சீட்டு திரும்பப் போக வேண்டும். போகும் வழி நெருக்கடியானால் சீட்டு தாமதமாகும். சீட்டு வராவிட்டால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பார். அதனால்தான் டோரண்ட் மென்பொருளில் மேலேற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போடச் சொல்கிறார்கள். உங்கள் மேலேற்ற வேகத்தில் எண்பது சதவீதம் அளவுக்கு வைத்தால், மீதியில் ஒப்புகைச் சீட்டுகள் தாராளமாகப் போகும். முழுவதும் திறந்துவிட்டாலும் கெடுதல். கஞ்சத்தனமாக மூடிவிட்டாலும் மொய் நோட்டில் பெயர் இருக்காது.

கேமராக்கள் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றினோம். போன்கள் இரவு இரண்டு மணிக்கு மேல் என்று வைத்தோம். இவ்வளவும் செய்த பிறகு சார்செல்லுக்குப் போன வேகம் எவ்வளவு தெரியுமா? 40 கேபியிலிருந்து 55 கேபி!

அப்போதுதான் ஐந்தாவது மேசைக்குப் போனேன். அது என் வீட்டில் இல்லை.

இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். பழைய முறையில், அதாவது ஐபிவி4-இல், மொத்த எண்களே சுமார் 429 கோடி. உலகத்துக்கே அவ்வளவுதான். ஆசியாவுக்கான பங்கீட்டு அமைப்பான ஏப்னிக்கின் இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. ஆகவே கம்பெனிகள் ஒரு பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தன. இதில் தவறில்லை, இல்லாத எண்ணை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? இதற்கென்றே 2012-ல் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள்.

ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் உள்ள காம்பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலாளி. நீங்கள் கடிதம் எழுதினால் போகும். பதில் வந்தால், இன்ன வீட்டுக்காரர் எழுதியதற்குப் பதில் என்று நினைவில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் நீங்கள் எழுதாமல், வெளியிலிருந்து ஒருவர் தாமாக உங்களுக்கு எழுதினால்? நூறு குடித்தனத்தில் யாருக்கென்று தெரியாது. தூக்கிப் போட்டுவிடுவார்.

சினிமா பார்ப்பவருக்கும் செய்தி படிப்பவருக்கும் இது உறைக்கவே உறைக்காது. அவர்கள் கேட்டு வாங்குகிறவர்கள். ஆனால் சமமானவர் சமமானவரோடு பேசும் முறைக்கு இது கழுத்தைப் பிடிப்பது. வெளியிலிருந்து யாரும் என்னைத் தொடர்புகொள்ள முடியாததால், சின்க்திங் என்ன செய்தது? என் கோப்பை நடுவில் உள்ள ஒரு தன்னார்வலரின் கணினிக்கு அனுப்பி, அது அங்கிருந்து சார்செல்லுக்கு அனுப்பியது. இலவச இடைத்தரகர், ஆயிரம் பேருக்கு வேலை செய்கிறவர், மெதுவாகத்தான் செய்வார். அந்த 40 கேபியின் ரகசியம் இதுதான். நூறு பிளான் அல்ல, ஆயிரம் பிளான் வாங்கினாலும் அந்த இடைத்தரகரின் வேகம் கூடாது.

உங்களுக்கும் இப்படியா என்று பார்ப்பது எளிது. இணையப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுக முகவரி என்று ஓர் எண் இருக்கும். "என் ஐபி என்ன" என்று கூகுளில் கேட்டால் இன்னோர் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குத் தனிக் கதவு. வேறு வேறாக இருந்தால், அதுவும் முதல் எண் 100 என்றோ 10 என்றோ தொடங்கினால், நீங்கள் காம்பவுண்டில் குடியிருக்கிறீர்கள்.

இதற்குத் தீர்வு உண்டு. புதிய முறையான ஐபிவி6-இல் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. அந்த முறையைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருக்கிறது என்று பெருமையோடு சொல்கிறோம். என் கம்பெனியின் கம்பியிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டில் அவர்கள் வைத்த பெட்டியில் மட்டும் அந்தச் சுவிட்ச் அணைத்துவைக்கப்பட்டிருந்தது! மாற்றுவதற்கு வேண்டிய கடவுச்சொல் என்னிடம் கிடையாது. எட்டாவது முறை நான் பேசவில்லை, எழுத்தில் கொடுத்தேன். "பிளான் மாற்ற விருப்பமில்லை. என் பெட்டியில் ஐபிவி6 ஏன் அணைக்கப்பட்டுள்ளது என்பதற்குப் பதில் தேவை" என்று இரண்டே வரி. மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். நல்ல பையன். பத்து நிமிடத்தில் சுவிட்சைப் போட்டு, என் கணினிக்கு வேண்டிய ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்துவிட்டான். "இது யாரும் கேக்க மாட்டாங்க ஐயா" என்றான்.

யாரும் கேட்க மாட்டார்கள். இதுதான் அவர்களுடைய முழு வியாபாரமும். கேட்கத் தெரியாதவனுக்குப் பிளானை விற்பது.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் மாலை வகுப்புக்கு நான்கு பழைய கணினிகள் வாங்கி வைத்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், அவற்றில் லினக்ஸ் மின்ட் போட நினைத்தார். இலவசம், சட்டப்படியானது, டோரண்ட்டில் இறக்கிக்கொள்ளும்படி அவர்களே தருகிறார்கள். இறக்கும்போது திரையில் 4.6 என்று காட்டியது. "நாற்பதுக்குப் பணம் கட்டுகிறேன், நாலரைதான் வருகிறது" என்று போன் செய்தார். பதில்தான் உங்களுக்குத் தெரியுமே. நூறுக்கு மாறினார். மாதம் 400 ரூபாய் கூடுதல். அப்போதும் 4.6 தான். காரணம், அவர் கணினி பழைய வைஃபையில் அதற்குமேல் வாங்கவே முடியாது. ஐந்து மாதம், 2000 ரூபாய், பென்ஷனிலிருந்து. அந்த 2000 ரூபாய்க்குப் பிள்ளைகளுக்கு எத்தனை நோட்டுப் புத்தகம் வாங்கியிருப்பார்!

இத்தனைக்கும் 4.6 வேகத்தில் அந்த மூன்று ஜிபி கோப்பு பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது. அவருக்குப் பிரச்சினையே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து விற்றார்கள்.

உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் சேறு அடைத்திருந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. அதற்குத் தலைமடையை அகலமாக்குகிறேன், கூலி கொடு என்று ஒருவன் வந்தால் நம் ஊரில் என்ன சொல்லி அனுப்புவார்கள்?

"டோரண்ட் என்றாலே திருட்டு சினிமாதானே, அதற்கு வேகம் குறைந்தால் நல்லதுதான்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு வாசகர் போனிலேயே சொன்னார். திருட்டு சினிமாவை நான் ஆதரிக்கவில்லை. ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்று எனக்கும் தெரியும். ஆனால் திருடன் அந்தச் சாலையில் போகிறான் என்பதற்காகச் சாலையை வெட்டுவது நியாயமா? 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற தடையைக் காட்டி, வீடியோ தளங்களை முழுக்கவே மூடினார்கள். பிறகு அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகப் பெற்ற உத்தரவுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் மூடப்பட்டபோது, இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் மாட்டிக்கொண்டது. பழைய நூல்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் நூலகம் அது. தமிழின் பழைய பதிப்புகளும், எங்கள் புதுச்சேரி காலத்துப் பிரெஞ்சு நூல்களும் அங்கே கிடைக்கின்றன. அங்குள்ள நூல்களை டோரண்ட்டிலும் இறக்கலாம்.

பிரான்சிலும் இந்தப் பைத்தியம் பிடித்தது. 2009-ல் ஹதோபி என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இருமுறை எச்சரிக்கை, அதற்கும் அடங்காவிட்டால் வீட்டு இணைப்பையே ஓர் அதிகார அமைப்பு துண்டிக்கலாம். அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி அவர்களுடைய அரசியலமைப்பு மன்றம் அந்தப் பகுதியை அடித்துவிட்டது. எதைக் காட்டி? 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆம் பிரிவை. கருத்துகளைத் தடையின்றிப் பரிமாறிக்கொள்வது மனிதனின் மிக மதிப்புள்ள உரிமைகளில் ஒன்று என்கிறது அந்தப் பிரிவு. பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த பிரகடனம் அது. பரிமாற்றம் என்றால் இரு வழி. வாங்குவது மட்டும் அல்ல.

நம் நாட்டிலும் சட்டம் மோசமில்லை. எந்த உள்ளடக்கத்தையும் பாகுபாடு காட்டித் தடுப்பதோ வேகம் குறைப்பதோ கூடாது என்று 2017 நவம்பரில் டிராய் பரிந்துரைத்தது; 2018-ல் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்றுக்கொண்டது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடுகளுக்கு மட்டும் இடம் உண்டு. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. பிராட்பேண்ட் என்றால் என்ன என்ற வரையறையை 2023-ல் திருத்தினார்கள். இறங்கும் வேகம் குறைந்தது 2 மெகாபிட் என்று இருக்கிறது. ஏறும் வேகத்துக்கு ஒரு எண் இல்லை. அமெரிக்காவில் 2024-ல் திருத்திய வரையறையில் இறங்குவதற்கு 100, ஏறுவதற்கு 20 என்று இரண்டும் இருக்கின்றன. அங்கே குடிமகன் கொடுப்பவனும் கூட. இங்கே வாங்குபவன் மட்டும்.

இது உப்பு மண்ணுக்குப் புதிதல்ல. 1815-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சு இந்தியாவில் விளையும் உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயருக்கு; அதற்கு ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரருக்கு. உப்பு விளைவித்தவனை யாரும் கேட்கவில்லை. பிறகு 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ள வேண்டியிருந்தது. சட்டம் சொன்னது இதுதான்: உப்பை வாங்கித் தின்னலாம், உன் கடற்கரையில் நீயே எடுக்கக் கூடாது. உப்பையும் இணையத்தையும் ஒப்பிடுவது அதிகம் என்று தோன்றலாம். அளவில் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். குணம் ஒன்றுதான். நாள் முழுக்க அவர்கள் தருவதைப் பார். உன்னிடம் உள்ளதை இன்னொருவருக்கு நேராகக் கொடுக்காதே.

ஆகவே நான் கேட்பது மூன்று. இணைப்புக் கொடுக்கும்போது எழுத்தில் தர வேண்டும்: ஒன்று, ஏறும் வேகம் எவ்வளவு. இரண்டு, முகவரி தனியா, பகிர்ந்ததா, ஐபிவி6 திறந்திருக்கிறதா. மூன்று, "அன்லிமிடெட்" என்பதற்கு வரம்பு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு. இந்த மூன்றையும் சொல்லாமல் பிளானை விற்பது, எடைக்கல்லைக் காட்டாமல் உப்பை விற்பது.

உங்களுக்கு நான் சொல்வதும் மூன்று. போனில் சண்டை போடாதீர்கள். புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால், ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. கட்டணம் கிடையாது, அவருக்கு எழுதுங்கள். டிராய்க்கு நேராக எழுதிப் பயனில்லை. தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை.

அதற்கெல்லாம் முன் ஒரு சோதனை. லினக்ஸ் மின்ட் போல உலகம் முழுக்கப் பலர் பகிரும் ஒரு கோப்பை டோரண்ட்டில் போட்டுப் பாருங்கள். அது வேகமாக வந்து, நீங்கள் தேடும் பழைய நூல் மட்டும் மெதுவாக வந்தால், உங்கள் வீட்டிலும் கம்பெனியிலும் குற்றமில்லை. அதைக் கொடுப்பவர்கள் உலகத்தில் ஓரிருவர்தான். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: வந்துசேர்ந்த பிறகு உடனே மூடிவிடாமல், நீங்களும் கொஞ்ச நாள் கொடுத்துக்கொண்டிருங்கள். அடுத்து வருபவருக்கு மூன்றாவது ஆளாக நீங்கள் இருப்பீர்கள்.

அந்தப் பையன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போன அன்று மாலை ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பித்தேன். நொடிக்கு 600 கேபி. என் ஏறும் வேகத்தின் எல்லை அதுதான். அதற்குமேல் நான் ஆசைப்படவும் இல்லை. மறுநாள் இரவு பத்தரைக்குள் 61 ஜிபியும் போய்விட்டது. பிளான் அதே நாற்பது. கூடுதலாக ஒரு ரூபாய் கட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பெரியவன் மட்டும், "தொடையில அடிபட்டு விழுறாரே, அவரா எங்க தாத்தா?" என்று பிரெஞ்சில் கேட்டானாம். படுகளம் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் திண்டிவனம், புதுச்சேரிப் பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள்.